பதிப்புப் பக்கத்தில் மட்டும் இருந்த அச்சகம்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு காலத்தில் இயங்கிய தமிழ் அச்சகம் ஒன்றைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன். ஐந்து மாதங்கள் அது அங்கே இருந்தது. பிறகு அதன் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது இதை நீக்கலாமா என்று கேட்கும் அறிவிப்புப் பெட்டி, இடப்பட்டது, மூன்று வாரம் உரையாடல் நடந்தது, கடைசியில் அது தனிக் கட்டுரையாக நிற்கவில்லை. அந்த முடிவுக்கு நானும் உடன்பட்டேன். ஏன் உடன்பட்டேன், அதற்கு முன் எங்கெங்கே பிழை விட்டேன், அந்த அச்சகத்தின் செய்தி இப்போது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கும் முன் எழுதிவைக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு எங்கள் ஊர்ப் பொருள்களை விக்கிப்பீடியாவில் எழுத வருகிற எவரும் ஒருநாள் இதே இடத்தில் வந்து முட்டுவார்கள்.

அச்சகத்தின் பெயரையும் குடும்பத்தாரின் பெயரையும் இங்கே தரவில்லை. அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

கட்டுரை பிறந்த விதம்

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள், வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பழைய ஈழத்து நூல் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் பதிப்புப் பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். யார் அச்சிட்டார்கள், எந்தத் தெரு, என்ன விலை, எத்தனையாம் பதிப்பு என்று. அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரே அச்சகத்தின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கவிதைத் தொகுப்பு, நாடகம், சோதிடம், நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், கும்பாபிஷேக மலர், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயர். 2005 இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடிச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடினேன். இரண்டு கிழமையில் 43 நூல்கள் அகப்பட்டன.

தெரிந்தவர் ஒருவர் மூலம் உரிமையாளரின் மகளைக் கண்டுபிடித்தேன். எழுபது வயது தாண்டியவர், எங்கள் பக்கத்திலேயே கடற்கரையை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறார். இரண்டு பின்னேரம் அவரோடு இருந்து கதைத்தேன். அச்சுக்கூடம் சுதந்திரம் கிடைத்த வருடம் தொடங்கியது என்றார். முதல் இயந்திரம் காலால் மிதிக்கும் ட்ரெடில், பிறகுதான் மின்சாரத்தில் ஓடுவது வந்தது. வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் போய்விட்டன. அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவே கட்டுரையை ஏற்றினேன். ஏறக்குறைய 900 சொற்கள், 43 அடிக்குறிப்புகள். அத்தனை அடிக்குறிப்பும் பதிப்புப் பக்கங்களுக்குத்தான். தொடங்கிய ஆண்டு 1948 என்று எழுதி, அதற்கு மட்டும் மேற்கோள் எதுவும் போடாமல் விட்டேன். யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. எனக்கு அந்தக் கட்டுரையில் பெருமையாக இருந்தது. உண்மையான உழைப்புத்தான் அது. ஆனால் கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு வேண்டியது அந்த வகை உழைப்பல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.

வார்ப்புரு விழுந்த நாள்

தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பயனர் நீக்கல் வார்ப்புருவை இட்டிருந்தார். உரையாடல் பக்கத்தில் அவர் எழுதிய காரணம் நாலு வரி. 43 மேற்கோள்களில் ஒன்றுகூட அச்சகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொன்றும் அந்த அச்சகம் அச்சிட்ட நூல். வேறு யாரும் இந்த அச்சகத்தைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் காட்டுங்கள், நானே வார்ப்புருவை எடுத்துவிடுகிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கொட்டாஞ்சேனை எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒருவர் எங்கள் அச்சகத்தை நிறுக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். நல்லகாலம், அன்று எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை உரிமையாளரின் மகளிடமிருந்து அழைப்பு, நான் அன்ரி என்று கூப்பிடுவது அவரைத்தான். கனடாவில் இருக்கும் பேரன் கட்டுரையின் இணைப்பை அவருக்கு அனுப்பியிருக்கிறான். போனபோது மின்விசிறிக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொலைபேசியைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார். அவருடைய பெருவிரல் அந்த மஞ்சள் பெட்டியின்மேலேயே இருந்தது. விரலை எடுத்தால் எழுத்து ஓடிவிடும் என்பது போல.

“பிள்ளை, இதைப் பார். அப்பாவின்ர அச்சுக்கூடம் குறிப்பிடத்தக்கதில்லை எண்டு எழுதிக் கிடக்கு. ஆர் எழுதினது?”

“அது அப்படியில்லை அன்ரி. சான்று காணாது எண்டு சொல்லுகினம்.”

“தக்கதில்லை எண்டால் தகுதியில்லை எண்டுதானே. நாப்பது வருசம் ஈயத்தோடை மல்லுக்கட்டின மனுசன்.”

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நாங்கள் பயன்படுத்தும் சொல் குறிப்பிடத்தக்கமை. சொல்லை உருவாக்கியவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் ‘தக்க’ என்று வந்தவுடன் தமிழ்க் காதுக்குத் தகுதி, தரம், தராதரம் என்று கேட்கிறது. ஒருவருடைய தகப்பனைப் பற்றி அப்படி ஒரு பலகை தொங்கினால் நெஞ்சு நோகும். வார்ப்புருவின் வாசகத்தை மாற்ற வேண்டும், ‘இப்பொருளைப் பற்றிச் சார்பற்ற சான்றுகள் தேவை’ என்று மட்டும் இருந்தால் போதும் என்று தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் பிறகு எழுதினேன். அந்தக் கோரிக்கையில் இப்போதும் நிற்கிறேன்.

விதி கேட்பது என்ன

விதியை அப்போதுதான் முதன்முறையாகக் கவனமாக வாசித்தேன். ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருப்பது தமிழைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அடிப்படைச் சிந்தனை பொதுவானது. ஒரு பொருளுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமென்றால், அந்தப் பொருளோடு தொடர்பில்லாதவர்கள், நம்பத்தக்க வெளியீடுகளில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். போகிற போக்கில் பெயர் வந்தால் அது கணக்கில் சேராது.

இதை என் அச்சகத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். 43 பதிப்புப் பக்கங்களும் அச்சகம் தானே தன் பெயரைப் போட்டுக்கொண்டவை. அது 430 ஆக இருந்தாலும் நிலைமை மாறாது. அன்ரி சொன்னவை எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தவை, அச்சில் இல்லை. சென்னையில் இருக்கும் வாசகருக்கோ மட்டக்களப்பில் இருக்கும் மாணவிக்கோ அதைச் சரிபார்க்க வழி கிடையாது. அச்சிட்ட நூல்கள் புகழ்பெற்றவை என்று வாதாடிப் பார்த்தேன். நூலின் பெருமை அச்சகத்துக்குத் தானாக இறங்கி வராது என்று பதில் வந்தது. அது சரியான பதில்.

மெய்யறிதன்மை (எழுதியதைச் சரிபார்க்க முடிவது) வேறு, குறிப்பிடத்தக்கமை வேறு என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஒரு பொருள் இருந்தது என்று நிறுவிவிடலாம், அதனால் மட்டும் அதற்குத் தனிப் பக்கம் கிடைத்துவிடாது. இதில் ஒரு சீரின்மையும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சட்டப்படி ஏற்கப்பட்ட ஊர்களுக்குப் பெரும்பாலும் கேள்வியே இல்லை. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான குறுங்கட்டுரைகள் தானியங்கி வழியாகவே ஏற்றப்பட்டன. அவற்றுக்கு அரசின் தரவு இருக்கிறது, யாரும் போய்ச் சரிபார்க்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணியது உள்ளே வரும், எண்ணாதது வெளியே நிற்கும். அச்சுக்கூடங்களை எண்ணி யார் வைத்தார்கள்?

எங்கள் பக்கத்து வாதம்

உரையாடலில் நான் வைத்த முதன்மையான வாதம் இதுதான். எங்களைப் பற்றி எழுதப்பட்டதே குறைவு, எழுதப்பட்டதிலும் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எத்தனை வீட்டு அலுமாரிகள் சேர்ந்து எரிந்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எரிந்த வீட்டுக்காரனிடம் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவா என்று கேட்பது நியாயமா என்று எழுதினேன்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றியும் எழுதினேன். 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய வரைவு ஒன்று, தந்த மேற்கோள்கள் போதாது என்று திருப்பப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, அன்றுதான் அவருக்குக் கட்டுரை வந்தது. பரிசுக்குரிய லேசர் ஆய்வு 1985 இல் வெளியானது. 2013 இல் அவர் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர்.

வார்ப்புரு இட்டவர் இதற்கு எழுதிய பதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய சான்றுகள் முன்பே இருந்தன, வரைவைப் பார்த்தவர் அதில் இருந்ததை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிவிட்டார், தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்றார். கட்டுரையில் இன்று என்ன இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, உலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘நான் சென்னையில் தேடிவிட்டேன். நீங்கள் கொழும்பில் தேடுங்கள். அதுவரை நீக்க மாட்டோம்’ என்று எழுதியிருந்தார். எதிராளி என்று நினைத்தவர் எனக்கு நேரம் வாங்கித் தந்தார்.

கொழும்பில் தேடியது

தேசிய சுவடிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது நான் எதிர்பாராதது. இலங்கையில் 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச்சட்டப்படி அச்சகத்தார் தாம் அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசுக்குக் கொடுத்துப் பதிய வேண்டும். அப்படிப் பதிந்த நூல்களின் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை அரசிதழான வர்த்தமானியில் வெளிவந்தது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்டவர், பக்கம், பிரதி, விலை. அச்சகத்தின் பெயரைத் தேடி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனேன்.

1948 க்கு முன்னாலேயே பெயர் வந்துவிட்டது. 1944 ஆம் ஆண்டின் பட்டியலில், ஒரு தோத்திரத் திரட்டு, 500 பிரதி, விலை 25 சதம். அச்சிட்டவர் என்ற இடத்தில் அதே பெயர், அதே தெரு.

அன்ரி பொய் சொல்லவில்லை. அவர் பிறக்கும் முன் நடந்த தொடக்கம் அது. வீட்டில் பெரியவர்கள் சொன்ன கதை எப்போதோ சுதந்திர வருடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறக்க முடியாத ஆண்டு என்பதால் மற்ற ஆண்டுகளையும் அது தன் பக்கம் இழுத்துவிடும். பிழை என்னுடையது. அவர் நினைவை நான் மேற்கோள் இல்லாமல் கலைக்களஞ்சியத்தில் உறுதியான ஆண்டாக எழுதினேன்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. உரையாடல் பக்கத்தில் புதிய பயனர் ஒருவர் நல்லெண்ணத்தோடு வந்து, ‘இதோ சான்று’ என்று ஒரு பத்திரிகையின் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படம் பிடித்துப் போட்டார். பழைய கொழும்பைப் பற்றிய அரைப்பக்கக் கட்டுரை, அதில் ஒரு முழுப் பத்தி எங்கள் அச்சகத்துக்கு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் உறைத்தது. ‘ஈயத்தின் எடையைத் தோளில் சுமந்த தலைமுறை’ என்ற தொடர் அதில் அப்படியே இருந்தது. அது என் தொடர். கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாத அலங்காரம் என்று பிறகு நானே வெட்டியது. 1948 உம் அதில் இருந்தது. எழுதியவர் என் கட்டுரையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

ஆக, அன்ரியின் நினைவு என் கட்டுரைக்குள் வந்து, அங்கிருந்து பத்திரிகைக்குப் போய், பத்திரிகையிலிருந்து என் கட்டுரைக்கே சான்றாகத் திரும்பி வந்து நின்றது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கட்டுரை தப்பியிருக்கும். தேதியோடு, பக்க எண்ணோடு, அச்சில் வந்த சான்று. 1948 என்ற பிழையும் அதோடு அச்சில் நிலைத்திருக்கும். உரையாடல் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: இந்தப் பத்தி என் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது, இதை ஏற்க வேண்டாம், ஆண்டும் பிழை, வர்த்தமானிப் பட்டியல் 1944 என்று காட்டுகிறது.

என் எண்ணம் மாறியது அங்கேதான். அதுவரை அந்த விதியை ஒரு வாசல் காவலாக, யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியாகப் பார்த்தேன். அந்த விதி உண்மையில் கேட்பது, நான் பிழை விட்டால் என்னைத் திருத்த வெளியே யாராவது இருக்கிறார்களா என்பதை. அந்த அச்சகத்தைப் பற்றி எழுதியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். அதனால் என் பிழையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. மேலே சொன்ன என் வாதத்தில் எரிந்துபோனவை பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் எரிந்ததன் இடத்தில் என் நினைப்பை வைத்து நிரப்ப அது எனக்கு உரிமை தராது. எங்களிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம் என்பதால், அந்தக் கொஞ்சத்தில் பிழை ஏறாமல் பார்ப்பது எங்களுக்குத்தான் கூடுதல் பொறுப்பு.

நேர்மையான ஒரு சான்றும் கிடைத்தது. தமிழ்ச் சங்க நூலகத்தில், கட்டிவைத்த பழைய இலக்கிய இதழ்களுக்குள், ஓர் எழுத்தாளர் தன் முதல் நூல் அச்சான கதையை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். அச்சகத்தின் அமைப்பு, உரிமையாளர் புரூஃப் பார்த்த விதம், கடனுக்கு அச்சிட்டுக் கொடுத்தது எல்லாம் அதில் உண்டு. ‘யுத்த காலத்தில் தொடங்கிய’ என்று ஒரு வரியும் இருந்தது, இரண்டாம் உலக யுத்தம்தான் அது. வர்த்தமானியோடு அது பொருந்துகிறது. இதைச் சார்பற்ற, விரிவான சான்றாக எல்லாரும் ஏற்றார்கள். ஆனால் அது ஒன்றுதான். குடும்பம் வெளியிட்ட ஆண்டு நிறைவு மலர் ஒன்றும் கிடைத்தது, அது சார்பற்றதல்ல என்று நானே ஒதுக்கினேன்.

பிஸ்கட் டின்

இந்தத் தேடலுக்கு இடையில்தான் அச்சுக்கோப்பாளர் ஒருவரைச் சந்தித்தேன். 1959 இல் பையனாக அந்த அச்சகத்தில் சேர்ந்தவர், விவேகானந்தா மேட்டுக்குக் கிட்டக் குடியிருக்கிறார். நான் போனபோது ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஈய எழுத்துகள், கறுத்து, மங்கி, ஒரு கைபிடிக்கு மேல் இருக்கும்.

“என்னா எழுத்து வேணும் மகள், சொல்லுங்க.”

“கொ” என்றேன். கொட்டாஞ்சேனை என்று மனதில் ஓடியது.

அவர் டின்னைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் உள்ளே அலைந்து மூன்று துண்டுகளை எடுத்து வந்தன. கொம்பு ஒன்று, க ஒன்று, கால் ஒன்று. ஒரு ‘கொ’ வுக்கு மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். பெருவிரல் அதைத் தொட்டவுடன் எழுத்தின் தலை எது, கால் எது என்று தெரிந்துவிடுமாம். மூன்றையும் தலைகீழாக இடக்கையில் அடுக்கி என் முன்னே நீட்டினார்.

“கண்ணால பாத்து எடுக்கிறவன் கம்பொசிட்டர் இல்ல மகள். வெரல் பாக்கணும்.”

யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய ‘ணை’ ஒன்றும் டின்னில் இருந்தது. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் இங்கே அதை வைத்துத்தான் கோர்த்தோம், புது எழுத்து வாங்கக் காசு வேண்டாமா என்று சிரித்தார்.

இவ்வளவையும் நான் இங்கே எழுதலாம். விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. இது எனக்கு இன்னமும் முழுதாக ஆறாத இடம். வாய்மொழியை மேற்கோளாகக் கொள்ள முடியுமா என்று 2011 இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் விக்கிப்பீடியர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதைப் பொதுவில் வைத்து, கட்டுரைகளுக்கு மேற்கோளாகக் காட்டினார்கள். மலையாளமும் இந்தியும் அதில் சேர்ந்தவை. அந்த வழி பரவலாக ஏற்கப்படவில்லை. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரு மரபுவழி விளையாட்டை ஊரே ஆடிக் காட்டும், பத்துப் பேர் சொல்வது ஒத்துப்போகும். ஒரு அச்சகம் தொடங்கிய ஆண்டை ஒரு மகள் மட்டும் சொல்கிறார். வாய்மொழி என்று இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. முதல் வகைக்குத் தமிழ் விக்கிப்பீடியா கதவைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது வகைக்கு, நான் பட்ட பிறகு, அப்படிச் சொல்ல மாட்டேன்.

முடிவும் அதற்குப் பிறகும்

மூன்றாம் வாரம் நானே முன்மொழிந்தேன்: தனிக் கட்டுரை வேண்டாம், இலங்கைத் தமிழ் அச்சுக்கலை என்ற பொதுக் கட்டுரைக்குள் ஒரு பகுதியாக இணைப்போம், அச்சகத்தின் பெயரை அந்தப் பகுதிக்கு வழிமாற்றாக வைப்போம், பெயரைத் தேடுகிறவர் நேரே அங்கே போய்ச் சேருவார். அந்தப் பொதுப் பொருளுக்குச் சான்றுப் பஞ்சம் கிடையாது. ஒல்லாந்தர் 1737 இல் கொழும்பில் அமைத்த அச்சுக்கூடத்திலிருந்து, 1841 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை, 1849 இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன ஆறுமுக நாவலர், 1930 இல் கொழும்பில் பிறந்த வீரகேசரி வரை ஆய்வாளர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த வரிசையின் ஓரத்தில் கொட்டாஞ்சேனை அச்சகம் ஐந்து வாக்கியத்தோடு நிற்கிறது. ஐந்துக்கும் மேற்கோள் உண்டு. ஆண்டைப் பற்றிய வாக்கியம் ‘1944 இல் இயங்கிக்கொண்டிருந்தது’ என்று மட்டும் சொல்கிறது, தொடங்கியது என்று சொல்லவில்லை.

என் 900 சொல்லில் எட்டில் ஏழு பங்கு போய்விட்டது. ஆனாலும் அந்தப் பெயரைத் தேடி வருகிறவர் இன்று வெறும் பக்கத்தைப் பார்க்க மாட்டார், தன் அச்சகத்தை அதன் அக்கம்பக்கத்தோடு பார்ப்பார். சின்னப் பொருள்களுக்கு இதுவே பெரும்பாலும் நல்ல வழி என்று இப்போது நினைக்கிறேன். தனியாக நின்றால் தொடுப்பு அறுந்து கிடக்கும் குறுங்கட்டுரை, பெரிய கட்டுரைக்குள் நின்றால் வாசகர் போகிற வழியில் அதையும் பார்ப்பார்.

மற்றவை வேறு இடங்களுக்குப் போயின. ஈய எழுத்துகளின் படங்களை, படங்களுக்கான பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன், அங்கே கல்விப் பயனும் சரியான உரிமமும் இருந்தால் போதும். தரவுகளைச் சேர்த்துவைக்கும் விக்கித்தரவில் அச்சகத்துக்கு ஓர் உருப்படி, அதாவது ஒரு தரவுப் பதிவு, உருவாக்கினேன். அங்கே நுழைவுக்கான அளவு வேறு, இன்னது என்று அடையாளம் காட்ட முடிந்து, எவரும் பார்க்கக்கூடிய உறுதியான ஆதாரம் இருந்தால் ஏற்பார்கள். 43 நூல்களின் பதிப்புப் பக்கங்களும் அங்கே பயன்பட்டன. விக்கிப்பீடியாவில் கதவு மூடினால் எல்லாம் மூடிவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப்போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஆளுக்கு ஒரு பிஸ்கட் டின் இருக்கும்.

இரண்டாவது சான்றை நானே உருவாக்கலாமே என்றும் யோசித்தேன். அச்சுக்கோப்பாளர் சொன்னதை வைத்து ஓர் இதழுக்கு எழுதி, பிறகு அதையே மேற்கோளாகக் காட்டி, கட்டுரையை மீட்கலாம். விதியின் எழுத்துக்கு அது பெரிதாக முரணாகாது. ஆனால் அப்படிச் செய்தால் மறுபடியும் என்னைத் திருத்த என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் வர்த்தமானிக் குறிப்புகள், கொப்பி, ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அச்சு வரலாற்றில் ஈடுபாடுள்ள விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தன் கண்ணால் பார்த்து, தன் முடிவை எழுதட்டும். 1948 தான் சரி என்று அவர் நிறுவினால் அதையும் ஏற்பேன்.

அன்ரிக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. இணைத்த பகுதியைத் தொலைபேசியில் காட்டினேன். ஐந்து வாக்கியத்தையும் வாசித்தார். நாவலரின் பெயர் இருந்த பத்தியை மேலே தள்ளிப் பார்த்தார், பிறகு திரும்ப இறங்கி வந்தார்.

“அப்ப 48 இல்லையோ?”

“அதுக்கு முந்தி அன்ரி. 44 இலை அச்சடிச்ச புத்தகம் இருக்கு.”

“அப்ப அம்மாவைக் கலியாணம் கட்ட முந்தி” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எழுந்து உள்ளே போய், பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அச்சகத்தின் கணக்குக் கொப்பிகள், நாலு. எரிந்ததற்குத் தப்பியவை. இவ்வளவு நாளும் இதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகப் பழைய கொப்பியின் முதல் தாளைச் செல் அரித்திருந்தது. ‘ஆடி 4, காகிதம் 2 ரீம்’ என்பது வரை வாசிக்க முடிந்தது, ஆண்டு இருந்த மூலை இல்லை. வரும் திங்கட்கிழமை நாலு கொப்பியையும் மின்வருடக் கொண்டுபோகிறேன்.